முதியோர் இல்லங்களில் நெடும்பொழுது

மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன எவையென வினவின், உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனையும் நாம் தயங்காது கூறுவோம். இம்மூன்றும் குறைவறப் பெற்றும் ஒருவர் வாழ்வு வறிதாதல் கூடும். இவ்வுண்மையை முதியோர் இல்லங்களுக்குச் சென்று காண்பார் எளிதில் உணர்வர். அங்கே காலையிற் சிற்றுண்டி உண்டு. நண்பகலிற் சோறு உண்டு. இரவிற் படுக்கை உண்டு. ஆயின் இவற்றிற்கு இடைப்பட்ட நெடும்பொழுதிற்கு என்ன உண்டு? சுவரோரத்து நாற்காலியும் ஓயாது ஒலிக்கும் தொலைக்காட்சியுமே பெரும்பாலும் விடையாகின்றன. அந்நெடும்பொழுதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

இஃது ஒரு சிலரைப் பற்றிய செய்தி அன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பதின்மருக்கு மேற்பட்டோர் அறுபது வயது கடந்தோர். விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து இளைஞர் சென்னைக்கும் புதுவைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிழைப்பு நாடிச் செல்கின்றனர், பெற்றோர் பின்தங்குகின்றனர். 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றை மாநில அரசு நிறுவலாம் என வழிவகுத்தது. இருக்கையின் எண்ணிக்கையைச் சட்டம் வரையறுத்தல் கூடும். இருப்பவர் மனத்தை நிரப்புதல் பிறர் கடமையன்றோ?

அக்கடமையை நாம் ஆற்றும் முறை யாது? பண்டிகை நாளில் இனிப்புப் பொட்டலங்களுடன் செல்கின்றோம். இரண்டு பாட்டுப் பாடுகின்றோம். நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். இதிற் பிழையில்லை. ஆயினும் இதனால் முதியவர் மீண்டும் ஒருமுறை கைநீட்டிப் பெறுபவர் ஆகின்றாரேயன்றிக் கொடுப்பவர் ஆவதில்லை. ஐம்பது ஆண்டுகள் வீட்டையும் வயலையும் ஆண்ட ஒருவரை, எப்போது உண்ண வேண்டும், எங்கே அமர வேண்டும் என்பதைக்கூடத் தாமே முடிவு செய்யவியலாத நிலையில் வைத்துவிட்டுப் பாட்டினால் மகிழ்விக்க முயல்கின்றோம். முதியோர்க்கு வேண்டுவது வேடிக்கை மட்டும் அன்று; தாம் பிறர்க்கு வேண்டியவர் என்னும் உணர்வே அவர்க்கு முதன்மையாக வேண்டுவது என்பது என் துணிபு.

இத்துணிபிற்கு ஆதரவாக ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூற் புலவர் இருவர் அதனை நிகழ்த்தி 1976-இல் வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்தோரிடம், அறையை எவ்வாறு அமைப்பது, பொழுதை எவ்வாறு கழிப்பது என்பவற்றை நீங்களே முடிவு செய்யலாம் எனக் கூறி, தாமே வளர்க்கும்படி ஆளுக்கொரு செடியும் அளித்தனர். மற்றொரு மாடியில் இருந்தோர்க்கும் செடி அளித்தனர். ஆனால் யாவற்றையும் பணியாளர் பார்த்துக்கொள்வர், செடிக்கு நீரும் அவரே வார்ப்பர் என்றனர். மூன்று வாரங்களில் முதற் கூட்டத்தார் சுறுசுறுப்பிலும் மகிழ்ச்சியிலும் மேம்பட்டு விளங்கினர். ஒன்றரை ஆண்டு கழித்து நோக்கியபோதும் அந்நன்மை முற்றும் மறையவில்லை. நூற்றுவர்க்கும் குறைந்தோரிடத்துச் செய்த சிற்றாராய்ச்சியாதலின் இதனைக் கொண்டு பெருமுடிபுகள் கூறல் தகாது. ஆயினும், செடி இருவர்க்கும் ஒன்றே. நீர் வார்த்த கையே வேறு என்பது நம் சிந்தனைக்கு உரியது.

கடல் கடந்து செல்ல வேண்டுவதும் இல்லை. முன்னாளில் நம்மோடு தென்னார்க்காடு என ஒன்றாயிருந்த கடலூர்ப் பக்கத்தே, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஹெல்பேஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் தாமரைக்குளம் என்ற பெயரால் முதியோர் சிற்றூர் ஒன்றை அமைத்தது. அங்கு வாழ்வோர் தத்தமக்கு இயன்றவாறு சமையலிலும் தோட்டத்திலும் கைத்தொழிலிலும் பங்கு கொள்வது அதன் முறை. விடுதியில் தங்கியவராக அன்றி, ஊரில் வாழ்பவராக அவரை எண்ணுவதே அம்முறையின் உயிர்.

நம் பக்கத்து முதியோர்க்குத் தெரிந்த தொழில்தான் எத்துணை! மல்லாட்டை உரித்து விதை பொறுக்கிய கைகள் அங்கு உள. நாற்று நட்ட கைகள் உள. மரக்காணத்து உப்பளங்களில் உழைத்த கால்கள் உள. விழுப்புரம் சந்திப்பில் இரவு பகல் வண்டி பார்த்த கண்கள் உள. செஞ்சியை அடுத்த மேலச்சேரி முதலாய ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாக்களிற் பாரதக் கூத்தை விடிய விடியக் கண்டு, கதை முழுவதையும் நெஞ்சில் வைத்திருப்போர் உளர். கீரைப்பாத்தி ஒன்று, பல்லாங்குழிப் பலகை ஒன்று, தாயக்கட்டை ஒரு சோடி, கதை கேட்கும் சிறுவர் நால்வர் எனச் சிறு செலவிற் பெரும்பயன் விளையும்.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். முதியோரை வேலை வாங்குதல் கொடுமை என்பர். கட்டாயப்படுத்தின் கொடுமையே, ஆதலின், வேண்டா என்று சொல்லும் உரிமையும் அவரிடமே இருத்தல் வேண்டும். கீழே விழுவர் என்பர். நாற்காலியில் அமர்ந்தே கீரை ஆயலாம். நின்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. நினைவு மங்கியோர் என் செய்வர் என்பர். பெயரை மறந்தோரும் பழகிய பாட்டின் தாளத்தையும் துணி மடிக்கும் வகையையும் மறவாதிருத்தல் உண்டு. பணியாளர் சிலரே என்பதே வலிமையுள்ள தடை. அதற்கு விடை நம்மிடம் உள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மற்றொரு காரணமும் உண்டு. அது மிகக் கடுமையானது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடைபெற்ற இல்லமொன்றிலிருந்து ஆதரவற்றோரும் மனநோயுற்றோருமாக 140-க்கு மேற்பட்டோர் மீட்கப்பெற்றனர். அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணாது தேடியோர் உயர்நீதிமன்றத்தை அணுகிய பின்னரே செய்தி வெளிப்பட்டது. துன்புறுத்தல் பற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கும் தொடுக்கப்பெற்றது. வாரந்தோறும் வெளியார் சென்று, பெயர் சொல்லி அழைத்து, உடன் அமர்ந்து பேசும் இல்லத்தில் ஒருவர் காணாமற் போவாராயின், அடுத்த வாரமே அவர் எங்கே என்னும் வினா எழும். ஆகவே தாயம் ஆடச் செல்லும் மாணவன் விளையாட்டுத் தோழன் மட்டும் அல்லன். தன்னை அறியாமலே காவலனும் ஆவான்.

ஆதலின், மாணவத் தோழர்களே, ஆண்டுக்கொரு விழாவினும் வாரத்திற்கொரு மணி நேரம் மேலானது. நம்மிற் பலர் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நாள்தோறும் புகைவண்டியில் வருபவர். அவ்வழியில் ஓரிடத்தில் இறங்குதல் அரிதன்று. சிறு சிறு குழுவாகப் பிரிந்து, குழுவிற்கு ஓர் இல்லம் என மேலாளர் இசைவுடன் ஏற்றுக்கொள்வோமாயின், பணியாளர் குறையும் ஓரளவு நீங்கும். சென்றவுடன் பாடத் தொடங்கற்க. உங்களுக்கு என்ன தெரியும், எமக்குக் கற்பிப்பீர்களா என்று முதற்கண் வினவுக. அவர் கூறும் வயல்வழக்கையும் கதையையும் ஏட்டில் எழுதி, அடுத்த வாரம் அவர்க்கே படித்துக் காட்டுக. பிழை திருத்தும் பொறுப்பும் அவர்க்கே உரியதாகுக. ஆசிரியர்கள் இதற்கு நேரம் வகுத்துத் தருவார்களாக. பழைய மாணவர்கள் தத்தம் ஊரில் உள்ள இல்லத்தின் வாயிலை இவ்வாண்டே தட்டுவார்களாக.

சோறிடுதல் அறம் என்பதை நாம் அறிவோம். பெற்றுக்கொள்ளும் கையைக் கொடுக்கும் கையாக மாற்றுதல் அதனினும் பெரிய அறமாகும்.