ஓடும்போதே ஆஃப் ஆகும் இன்ஜின்: உங்க கார் 'ரீகால்' லிஸ்ட்ல இருக்கா? பழைய கார் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிப் போகும்போது கார் இன்ஜின் திடீரென நின்றால் என்ன ஆகும்? அல்லது அரியலூர் ரோட்டில், பின்னால் சிமென்ட் லோடு லாரி வரும்போது நின்றால்? இந்த ஆபத்துக்காகத்தான் கார் நிறுவனங்கள் அவ்வப்போது 'ரீகால்' அறிவிக்கின்றன. ஆனா, அந்தத் தகவல் எல்லா ஓனர்களுக்கும் போய்ச் சேருவதில்லை.

எந்தெந்த கார்கள்?

2020 ஜூலையில் மாருதி சுஸுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், ஃப்யூவல் பம்ப். 2024 மார்ச்சில் மீண்டும் 11,851 பலேனோ, 4,190 வேகன்ஆர் கார்களை அழைத்தது. இந்த முறை, ஃப்யூவல் பம்ப் மோட்டாரில் உள்ள ஒரு பாகம்.

2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களுக்கு ஃப்யூவல் பம்பை மாற்றித் தருவதாக அறிவித்தது.

பம்ப்ல என்ன கோளாறு?

டேங்கில் இருக்கும் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்புவதுதான் இந்த பம்பின் வேலை. அதற்குள் 'இம்பெல்லர்' என்ற சின்ன பிளாஸ்டிக் சக்கரம் சுற்றும். ஜப்பானின் டென்சோ தயாரித்த சில பம்புகளில் இந்தச் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி, பம்ப் உடலில் உரசியது. இதனால் உலகம் முழுக்க பல லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

பம்ப் நின்றால் பெட்ரோல் வராது, இன்ஜின் நின்றுவிடும். ஸ்டீயரிங் கனமாகும். ஓரிரு முறை மிதித்த பிறகு பிரேக்கும் இறுகிவிடும்.

'ஏற்கெனவே செக் பண்ணியாச்சே?'

இங்கதான் கவனம் தேவை. 2020-ல் அழைக்கப்பட்ட பலேனோக்கள் 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரானவை. 2024-ல் அழைக்கப்பட்டவை 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரானவை. அதாவது, இரண்டாவது காலம் முழுக்க முதல் காலத்துக்குள்ளேயே வருகிறது. எனவே, 2020-ல் காட்டிவிட்டோம் என்று விட்டுவிடாமல் மறுபடி பார்ப்பது நல்லது.

ஹோண்டா விஷயத்தில் இன்னொரு சிக்கல். பழைய மாடல்களில் ஸ்பேர் பார்ட்டாக மாற்றப்பட்ட பம்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதனால் தயாரிப்பு வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

செகண்ட் ஹேண்ட் கார்னா?

நிறுவனம் தன்னிடம் உள்ள முகவரிக்கும் போன் நம்பருக்கும்தான் தகவல் அனுப்பும். சென்னையில் வாங்கப்பட்ட கார் கைமாறி பெரம்பலூர் வந்திருந்தால், தகவல் முதல் ஓனருக்கே போக வாய்ப்பு அதிகம். ஆனா, ரீகால் என்பது காருக்குத்தான், ஆளுக்கு இல்லை. யார் கையில் இருந்தாலும் பம்பை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110A பிரிவின் கீழ், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அபராதம் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை. ஆனால், 7 வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இது பொருந்தும். நிறுவனமே முன்வந்து அழைத்தால் இந்த அபராதம் இல்லை. பழைய கார்கள் அதிகம் ஓடும் ஊர்களுக்கு இந்த 7 வருட வரம்பு ஒரு பெரிய ஓட்டை.

இப்போ என்ன பண்ணணும்?

* ஆர்.சி. புக்கில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலோ, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துப் பாருங்கள்.
* அப்போதே உங்கள் போன் நம்பரையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த ரீகால் வந்தால் நேராக உங்களுக்கே தகவல் வரும்.
* ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஓடும்போது திணறுவது போன்றவை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.
* ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஒரே அழுத்தமாக மிதித்து இடது ஓரம் ஒதுங்குங்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.