ஒரு நோட்டு, இரண்டு கட்சி



பள்ளிப் பட்டிமன்றத்தில் எடுப்பான குரல் உள்ள பிள்ளைக்குக் கைதட்டல் எளிதாகக் கிடைத்துவிடும். கூச்சப்படும் பிள்ளையோ தன் வாதத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்காக ஒரு யோசனை: வாதத்தைத் தாளில் நடத்துங்கள். ஒரு நோட்டு, வகுப்புத் தோழர் ஒருவர், ஒரு கேள்வி போதும்.

கல்வராயன் மலையில் கேள்விக்கா பஞ்சம்? ‘நம் காட்டில் சாமை போடுவதா, மரவள்ளி போடுவதா?’ என்று வெள்ளிமலை மாணவிகள் இருவர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ‘கிழங்கு விற்றால் மொத்தமாகப் பணம் வரும், படிப்புச் செலவுக்கு ஆகும்’ என்று ஒருத்தி எழுதுகிறாள். மற்றவள் உடனே மறுக்கக் கூடாது. தோழி சொன்னதைத் தன் நடையில் எழுதிக் காட்டி, ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். பிறகுதான் பதில்: ‘பிடுங்கிய கிழங்கு சில நாளில் கெட்டுவிடும், சேகோ ஆலை சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். சாமையைச் சேர்த்துவைத்து வேண்டியபோது எடுக்கலாம்.’ இனி முதலாமவள் விலை விவரத்தை வீட்டில் விசாரிக்காமல் அடுத்த வரி எழுத முடியாது. அடுத்த வாரம் கட்சி மாறிக்கொள்ளட்டும்.

எதிராளி சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பது நம் பழைய பழக்கம்தான். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவதை, நூலாசிரியருக்குரிய எழுவகை மதங்களில் (கொள்கைகளில்) ஒன்றாக நன்னூல் வைத்திருக்கிறது. பௌத்த நூலான குண்டலகேசிக்குச் சமணர் எழுதிய மறுப்பு நீலகேசி. குண்டலகேசியில் இன்று கிடைப்பவை 19 பாடல்களே. ஆனால் பௌத்தர்களின் வாதங்கள் பல, மறுக்க வந்த நீலகேசிக்குள் இன்றும் இருக்கின்றன. எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொல்லாமல் மறுக்க முடியாதே! அந்தச் சமணப் புலமைக்கு நம் மாவட்டத்திலும் ஓர் இருப்பிடம் இருந்தது: உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை.

உங்கள் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களை எங்களுக்கு அனுப்புங்கள். இரண்டு கட்சிகளையும் அருகருகே அச்சிடுவோம். தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டோம். அது வாசகர்கள் பாடு.

அன்புடன்,
ஆசிரியர்