மருந்து நின்னாச்சு, டெஸ்ட்டை நிறுத்தலாமா? மைலோமா நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

களிமண்ணும் அச்சும் தூக்கி வேலை பார்க்கிற விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் முதுகுவலி ஒரு செய்தியே இல்லை. ஆனால், மல்டிபிள் மைலோமா சிகிச்சை முடித்தவருக்கு அதே வலி எச்சரிக்கையாக இருக்கலாம்.

அது என்ன நோய்?
எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய். நடிகை கிரண் கெருக்கு இந்த நோய் இருப்பது 2021 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. சிகிச்சையில் கட்டுப்படும், ஆனால், பெரும்பாலும் திரும்பி வரும்.

மருந்து இல்லாத காலத்தில் என்ன பார்க்கணும்?
வழக்கமாக 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் எம்-புரதம், லைட் செயின். கூடவே ஹீமோகுளோபின், கால்சியம், கிரியேட்டினின்.

எப்போது உஷார்?
எம்-புரதம் மிகக் குறைந்திருந்த அளவைவிட 25% கூடணும். அந்த உயர்வு டெசிலிட்டருக்கு 0.5 கிராமாவது இருக்கணும். ஒரே ரிப்போர்ட்டில் முடிவு கிடையாது, மறுபடி பார்ப்பார்கள். முடிந்தவரை ஒரே லேப் நல்லது. அப்போதுதான் எண்களை ஒப்பிட முடியும்.

கடையில் வாங்குகிற வலி மாத்திரை?
வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மைலோமா முதலில் தாக்குகிற உறுப்புகளில் அதுவும் ஒன்று.

புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போகும், உண்மைதான். ஆனால், எலும்பு முறிந்தபின் போனால் இழப்பு ஒருநாளோடு நிற்காது.