போஜனசாலைகளின் சாக்கடை

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் போஜனசாலைகளின் முன்புறம் கண்ணாடிபோல் மின்னுகிறது; சமையற்கட்டுச் சாக்கடையை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? புளி, மோர், உப்பு, கொதிநீர் எல்லாம் சேர்ந்து ஸிமெண்டுத் தளத்தை அரிக்கின்றன. தேங்கிய கழிவில் எழும் கந்தக வாயு அமிலமாகிக் குழாயின் மேற்புறத்தையே தின்றுவிடுகிறது. அவ்வெடிப்புகள் கரப்பானுக்கும் கிருமிக்கும் குடியிருப்பு. உப்புக்கு ஈடுகொடுக்கும் 316 ரகத் துருவேறா எஃகில், மூலைகள் வளைந்து, சரிவு குன்றாத வாய்க்காலும், எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் தொட்டியும் அமைப்பது பெருஞ்செலவென்று முதலாளிகள் முறையிடுவர். அடைப்பெடுக்கக் குழியில் இறங்கும் ஏழைத் தொழிலாளியின் உயிரை எந்தக் கணக்கில் எழுதுகிறார்களோ! பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தும் மரணங்கள் நின்றபாடில்லை. தொழில் உரிமம் வழங்குமுன் மாநகராட்சி அதிகாரிகள் சாக்கடையைப் பரீக்ஷித்தே தீரவேண்டுமென வற்புறுத்துகிறோம். ஏற்கெனவே நடந்துவரும் சாலைகளுக்கும் தவணை குறிப்பிடுக.