கடல் கடந்த குற்றமா?

ரெட்டியார்பாளையத்தில் நம் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்குகிறது. சொல்தா உடையில் நிமிர்ந்து நிற்பவர் நம் பாட்டனாரின் பாட்டனார். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, சாதி வழக்கத்தைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிச்சட்டத்தை ஏற்ற குடும்பத்தவர். முதல் உலகப் போருக்குக் கப்பலேறினார். 1918இல் பிரான்சு மண்ணில் மாண்டார். மார்பில் குண்டு பாய்ந்தா? இல்லை, இன்புளுயென்சாக் காய்ச்சலால்!

குண்டு சாய்த்திருந்தால் வீரர் என்றிருப்பர் வீட்டார். காய்ச்சல் சாய்த்ததால் கதை கட்டினர். "கடல் கடந்தான், ஆசாரம் துறந்தான், தெய்வம் தண்டித்தது!" அத்தோடு விட்டார்களா? "வந்தவளின் சாதகம் கணவனை விழுங்கிற்று" என்றனர். கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண்ணின் பூவைப் பறித்தனர், பழியைச் சூட்டினர்!

கேட்கிறோம்: கடல் கடந்தது குற்றமெனில், கடலையே காணாத இந்தியச் சிற்றூர்களில் 1918-19இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதே காய்ச்சலில் மடிந்தது எக்குற்றத்திற்காக? ஆசாரம் காத்தவர் வாசலை அது மிதிக்கவில்லையா? மனைவியின் சாதகம் கணவனைக் கொல்லுமெனில், மணமாகாத பிள்ளைகளைக் கொன்றது யாருடைய சாதகம்?

கொன்றது கிருமி! பாசறையிலும் கப்பலிலும் இரயிலிலும் மனிதரை நெருக்கி அடைத்த போர், அக்கிருமிக்குப் பல்லக்குச் சுமந்தது. அன்றைய மருத்துவரும் அதனை அறிந்தாரல்லர்; மனிதரிடமிருந்து அந்த வைரசு பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். அறியாதவர் அஞ்சியதை மன்னிக்கலாம். அறிந்த பின்னும் சாபம் பேசுவோரை எங்ஙனம் மன்னிப்பது?

தன் போருக்கு அவரை அழைத்துச் சென்ற பேரரசை நாம் போற்றவில்லை. ஆயினும் அதன் 1915ஆம் ஆண்டுச் சட்டம், போர்ப்பணியில் கண்ட நோயால் இறந்தவரையும் 'நாட்டுக்காக மாண்டவர்' என ஏற்றது. அந்நியன் ஏட்டில் கிடைத்த மதிப்பு, சொந்த வீட்டுத் திண்ணையில் கிடைக்கவில்லையே!

பழங்கதைதானே என்பீர்களோ? நூறாண்டு கடந்தும் அது சாகவில்லை. அண்மையில் நம் வீட்டுப் பெண்ணுக்கு மணம் பேசியபோது, சோதிடர் ஒருவர் 'கடல் சாபத்திற்குப்' பரிகாரம் கேட்டார். அன்று மருமகளைச் சுட்ட பொய், இன்று மகளைத் தேடி வந்தது!

மறுத்தோம். பரிகாரத்திற்கென எடுத்து வைத்த பணத்தில் படத்திற்குப் புதுக் கண்ணாடி போட்டோம். அடியில் எழுதினோம்: "1918இல் இன்புளுயென்சாக் காய்ச்சலால் மறைந்தார். இவர் மனைவி குற்றமற்றவர்."

தோழர்களே! உங்கள் வீட்டுச் சுவர்களையும் பாருங்கள். எந்தப் படத்தின் பின்னேனும் ஒரு பெண்ணின் மீது சுமத்திய பழி ஒளிந்திருந்தால், சாபத்தைக் கழற்றி எறியுங்கள். காரணத்தை எழுதி மாட்டுங்கள்!