பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியமா?

மழைக்காலம் பிறந்தால் மும்பையில் தமிழர்கள் நெருங்கி வாழும் தாராவி போன்ற பகுதிகளில் வாந்தி பேதியைப் பற்றிய அச்சமும் பிறக்கிறது. குழந்தைக்கு நாலு தடவை வயிற்றால் போனதுமே தாய் கடன் வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுகிறாள். "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள் டாக்டர்" என்று அவளே கேட்கிறாள். பாட்டில் தொங்காவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்ற எண்ணம்! தகப்பனுக்கு அன்றைய கூலியும் போகிறது.

உடம்பு வேலை செய்யும் விதம் தெரிந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. வெறும் தண்ணீர் உப்பை ஈடு செய்யாது. ஆனால் கடும் பேதியிலும் சிறுகுடலில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். இங்கே சர்க்கரை வெறும் தெம்புப் பொருளல்ல. உப்பையும் நீரையும் கரை சேர்க்கும் சுமைக்காரன்.

1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்க முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குப் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். 100-க்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது!

அந்த மருந்துதான் இன்று அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி அளந்து கலக்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக் கூடாது.

குழந்தை சோர்ந்து துவண்டாலும், குடிக்க முடியாவிட்டாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாட்டிலுக்கும் அவசியமான வேளை உண்டு.

நல்ல குடிநீர் தருவது மாநகராட்சியின் கடமை. அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். அதுவரை, விழா எடுக்கும் தமிழ் அமைப்புகள் ஒவ்வொரு சாலிலும் ஒரு மாலை கூடி, இந்தக் கரைசலைக் கலந்து காட்டட்டும். மேடைக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது. பிழைப்பதோ பிள்ளைகளின் உயிர்.