மாப்பிள்ளைக்கு மணி அடித்தால்

"ஓடற குதிரைதானுங்களே, அதை எதுக்குங்க நடக்க வெச்சுப் பழக்கறீங்க?"

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டார். கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பதில் இன்னும் கிடைத்தபாடில்லை. கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு லாரியில் வைக்கோல் பரப்புகிற வேலை எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கே பதில் இல்லை.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான்கு வருடமாகச் சவாரிப் பள்ளியில் அடுத்தவர் குதிரை மேல் ஏறி இறங்கினாள். பிறகு சொந்தமாக ஒன்று வேண்டும், உள்ளூர்ப் போட்டிகளில் காட்ட வேண்டும் என்றாள். வெளிநாட்டுக் குதிரையின் விலையைக் கேட்டேன். கடையோடு வீட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாலும் போதாது போலிருந்தது. அப்போதுதான் ஒருவர் சொன்னார்: "ரேஸ்ல இருந்து ரிட்டயர் ஆனது வாங்குங்க. சும்மாவே கிடைக்கும்."

கிடைத்தது. ஆறு வயது, பதினாறு கை உயரம். ஒரு கை என்றால் நான்கு அங்குலம் என்பதை அன்றுதான் கற்றேன். முன்னங்கால் தசைநாண் ஒருமுறை வீங்கி ஆறியதால் இனி பந்தயத்துக்கு ஆகாது, லேசான சவாரிக்குத் தாராளமாக ஆகும் என்றார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் பல்லையும் பார்த்தோம், காலையும் பார்த்தோம், கழுத்துக்குள் இருக்கும் அடையாளச் சிப்பையும் சரிபார்த்தோம். தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றவில்லை.

பந்தயப் புத்தகத்தில் அவனுக்கு வாய் கொள்ளாத ஓர் ஆங்கிலப் பெயர். அவனைக் கவனித்துக்கொள்ள வந்த சைஸ் அண்ணன், கிண்டியில் முப்பது வருடம் குதிரை தேய்த்தவர், ஒரே வாரத்தில் அதை மாற்றிவிட்டார். "இவ்ளோ சீரு கேக்கறான் சார், மாப்ளைனே கூப்டலாம்." அன்றிலிருந்து மாப்பிள்ளை.

சீர் விஷயத்தில் பெயர் பொருத்தம்தான். அலுமினியத் தகடு மாதிரி மெல்லிய பந்தய லாடத்தைக் கழற்றி இரும்பு லாடம் அடிக்க வேண்டும். பந்தயக் குதிரைச் சாதிக்குக் குளம்புச் சுவர் மெலிசு. ஆணி ஒரு நூல் தள்ளி இறங்கினாலும் நொண்டும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை லாடக்கார பாய் வெளியூரிலிருந்து வந்து அடித்துவிட்டுப் போவார். போட்டிக்கு முந்தின நாள் சொல்லி வைத்த மாதிரி ஒரு லாடம் சேற்றில் கழன்று கிடக்கும். குதிரை சும்மா வந்தது. சேணம் சும்மா வரவில்லை. ஜாக்கியின் சேணம் ஒரு கிலோகூட வராது, அது இதற்கு உதவாது. முதலில் வாங்கியது முதுகில் உராய்ந்து புண்ணாக்கியது, இரண்டாவதாக வாங்கியது பரவாயில்லை. முதலாவதை என்ன செய்வதென்று தெரியாமல் கடையில் என் நாற்காலிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வால்வு வாங்க வருகிறவர்கள் என்ன விலை என்று கேட்கிறார்கள்.

தீனியில் என் அம்மாவோடு தனிச் சண்டை. பந்தயக் குதிரைக்கு இயல்பாகவே விலா தெரியும். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைத் தனக்கு வசதியாகத் திருப்பிக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் கொள்ளை வேகவைத்து ஊட்டிவிட்டார். ஓட்ஸும் பார்லியும் தின்று காலையில் பாய்ந்து எரித்துத் தீர்த்த உடம்பு இது. வேலையைக் குறைத்த பிறகு தானியத்தையும் குறைத்துவிட்டு, காய்ந்த புல்லும் குதிரை மசாலும் நிறையப் போட வேண்டும். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் வெகு சாதாரணம், அதற்கும் இதுதான் நல்லது. அம்மாவின் கொள்ளு உள்ளே போன மறுநாள் மகள் மண்ணில் இருந்தாள், மாப்பிள்ளை மூன்றாவது தோட்டத்தில் இருந்தான்.

இதெல்லாம் பணத்தோடு போகிற தொல்லை. என் ஆற்றாமை வேறு. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ரேஸ் புத்தி சார், திமிரு", "கழண்ட கேஸு" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அவனுக்குத் திமிரும் இல்லை, ஒன்றும் கழலவும் இல்லை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிற முதல் பெஞ்சு மாணவன் அவன். பாடத்திட்டத்தைத்தான் நாம் மாற்றிவிட்டோம்.

கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்கும் என்று உலகமே நம்புகிறது. பந்தயத் திடலில் அப்படியில்லை. ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிப்பார். குதிரை அந்தப் பிடிமானத்தில் வாயை ஊன்றி, சாய்ந்துகொண்டு பாயும். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி எழுந்து வாரைத் தளர்த்துவார். குதிரை வேகம் குறையும். இறுக்கினால் ஓடு, விட்டால் நில். இதுதான் மாப்பிள்ளை படித்த அரிச்சுவடி. என் மகளுக்குப் பயம் வந்தால், எந்த மனிதப் பிறவியும் செய்வதைப் போல, வாரை இறுக்குவாள். அவன் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். இவள் இன்னும் இறுக்குவாள். அவன் இன்னும் கீழ்ப்படிவான்.

காலும் அப்படித்தான். ஜாக்கியின் கால் மேலே மடங்கி இருக்கும், விலாவை அணைக்காது. இவள் நீளமாகக் காலைத் தொங்கவிட்டு இரண்டு கெண்டைக்காலாலும் அணைக்கிறாள். அவனுக்கு அது ஏதோ அவசரத் தந்தி. ஏறும்போது நிற்கவும் தெரியாது. நடக்கிற குதிரை மேல் ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். இவள் முக்காலி மேல் ஏறி நின்று, "நில்லுடா, நில்லுடா" என்று கெஞ்ச, அவன் போய்க்கொண்டே இருப்பான். ஏறும்வரை அசையாமல் நிற்க வைக்கவே மூன்று வாரம். பெரிய திடலின் அகன்ற வளைவுகளில் ஒரே பக்கமாகப் பாய்ந்து வளர்ந்தவனை இருபது மீட்டர் வட்டத்தில் சுற்று என்றால், ரயிலைத் திண்ணையைச் சுற்றி ஓட்டச் சொன்ன கதை. ஒரு பக்கம் எப்படியோ வளைவான். மறுபக்கம் திருப்பினால் கப்பல்.

இதை அவிழ்த்துப் பழக்க ஆறு மாதம், எட்டு மாதம் என்கிறார்கள். அதை அவசரமில்லாமல் செய்திருக்கலாம். நாங்கள் மூன்றாவது மாதமே போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். அந்தக் குற்றம் எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

போட்டி என்றால் டிரெஸ்ஸாஜ், அதிலும் ஆகத் தொடக்கநிலை. நாற்பதுக்கு இருபது மீட்டர் களம், சுற்றிலும் முழங்கால் உயர வெள்ளை வேலி, ஓரமெல்லாம் ஆங்கில எழுத்துப் பலகைகள். 'ஏ' வழியாக நுழைந்து, நடுவில் 'எக்ஸ்' என்ற கண்ணுக்குத் தெரியாத புள்ளியில் அசையாமல் நின்று, 'சி'யில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்குத் தலை வணங்க வேண்டும். பிறகு நடை, டிராட் என்கிற துள்ளுநடை, வட்டம், கொஞ்சம் கேன்டர் என்கிற மெதுப் பாய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மெதுவாக, சீராக, அலட்டிக்கொள்ளாமல் செய்தால் ஜெயிக்கலாம். முந்துவதற்கு யாரும் இல்லாத போட்டி.

இதை மாப்பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். விடிகாலையில் தேய்த்துக் குளிப்பாட்டிப் பளபளக்க வைத்தார்கள். பிடரியைப் பின்னினார்கள். லாரியில் ஏற்றினார்கள். லாரி என்றால் அவனுக்கு ஊட்டி சீசன், வெளியூர்ப் பந்தயம். இறங்கினால் கூட்டம், ஒலிபெருக்கி, பந்தல், அறிமுகமில்லாத குதிரைகள். கையில் பிடித்து வட்டமாக நடத்தினார்கள். வெள்ளை வேலி. எல்லாமே அவனுக்குத் தெரிந்த ஏற்பாடுகள். பந்தயம் ஒன்றுதான் இல்லை. அதை அவனுக்கு யார் சொல்வது?

போதாக்குறைக்கு மணி. நடுவர் மணி அடித்தால் 45 விநாடிக்குள் களத்துக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளை நான்கே விநாடியில் நுழைந்தான். 'எக்ஸ்' எந்தப் பக்கம் போயிற்றென்று தெரியவில்லை. நடுவர் பேனாவோடு எழுந்து நின்றார். மாப்பிள்ளை 'சி'க்குப் பக்கத்து வேலியை, யாரும் கேட்காமலே, அழகாகத் தாண்டி வெளியே போய்விட்டான். நான்கு காலும் களத்துக்கு வெளியே போனால் ஆள் அவுட். மகள் விழவில்லை, அதுவே பெரிது. தாண்டின அழகைப் பார்த்து ஒரு பயிற்சியாளர், "ஷோ ஜம்பிங்ல போடுங்க சார், கம்பை இடிச்சா நாலு பெனால்ட்டி, இவன் இடிக்கவே மாட்டான்" என்றார். அவருக்கு என்ன, அந்தக் குதிரைக்கு நிறுத்தம் எந்த ஊரில் என்று தெரியாது.

"அதுக்கு இன்னா சார் தெரியும்? மணி அட்சா ஓடணும்னு தெரியும். ஓடிச்சு" என்றார் சைஸ் அண்ணன். எனக்கென்னவோ அன்றைக்கு அங்கே பேசினவர்களில் அவர் ஒருவர்தான் விவரமாகப் பேசினார்.

இரண்டாவது போட்டிக்குப் போகவே முடியவில்லை. குதிரையை வெளியூர் கொண்டுபோகக் கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கொன்றாக வேண்டும், ஆகவே கெடுபிடி நியாயமே. மாதிரி ஹரியானாவில் ஹிசார் வரைக்கும் போக வேண்டும் என்று தெரியாமல், நான்தான் கடைசி வாரத்தில் ரத்தம் எடுக்க வைத்தேன். போட்டி முடிந்த செவ்வாய்க்கிழமை சான்று வந்தது. பூரண ஆரோக்கியம்.

இதற்கு நடுவில் ஊர் சும்மா இருக்குமா? அந்தியூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவர். "ஆடுமாங்க?" என்றார். ஆடாது என்றேன். "காது உள்வாட்டமா சேரலீங்களே" என்றார். அது மார்வாரிக் குதிரைக்கு, இது வேறு சாதி என்றேன். "அப்புறம் இதுல என்னத்தைங்க காட்டறீங்க?" பதில் வரவில்லை. கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவர் மாதம் இருமுறை போன் செய்கிறார். மாப்பிள்ளை ஊர்வலம், ஒரு மணி நேரம், நல்ல வாடகை. செண்டை மேளம், சரவெடி எல்லாம் உண்டு என்று உற்சாகமாகச் சொன்னார். ஊர்வலம் புறப்பட்ட மறுநிமிடம் மாப்பிள்ளை எந்த மாவட்டத்தில் இருப்பார் என்பதை நான் அவருக்கு விளக்கவில்லை. உறவினர்களுக்கோ ஒலிம்பிக்தான் குறி. பெங்களூருவின் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா டோக்கியோ போனதைப் பார்த்த நாளிலிருந்து, "பாப்பா எப்ப போகுது?" முதலில் 'எக்ஸ்'ஸில் நிற்கட்டும் மாமா.

குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை, கணிக்கிறவரின் திறமை எல்லாம் சரி. ஓடி முடித்த குதிரையை அடுத்த வேலைக்குத் தயார் செய்கிற திறமை யாருடைய கணக்கில் வரும்? 2024இல் ஊட்டிப் பந்தயத் திடலை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, கிண்டித் திடலுக்கும் சீல் வைத்தது. குத்தகை, பாக்கி, வழக்கு, அதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் பார்த்த தொலைக்காட்சி விவாதங்களில் ஏக்கர் வந்தது, கோடி வந்தது, பூங்கா வந்தது, குளம் வந்தது. குதிரை வரவில்லை.

பிரிட்டனில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளை மறுபடி பழக்கவென்றே 2000ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பந்தயத் துறையே அதற்குப் பணம் தருகிறது, அந்தக் குதிரைகளுக்கென்று தனிப் போட்டிப் பிரிவுகளும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கியில் ஆண்டுதோறும், திடலை விட்டு வந்து அதிக நாள் ஆகாத குதிரைகளுக்காக மட்டும் ஒரு பெரிய போட்டி. அங்கே ஒரு குதிரை மணியைக் கேட்டு மிரண்டால் பக்கத்தில் நிற்பவர் சிரிக்கமாட்டார், அவர் குதிரையும் மிரண்டுகொண்டிருக்கும். எங்கள் உள்ளூர்ப் போட்டியில் ஒரு பக்கம் பத்து வயதுப் பிள்ளைகள், சவாரிப் பள்ளியின் தூங்குமூஞ்சிக் குதிரைகளோடு. மறுபக்கம் லட்சக்கணக்கில் விலை போட்டுப் பழக்கி இறக்கிய குதிரைகள். நடுவில் நாங்கள், பின்னின பிடரியும் பிதுங்கின விழியுமாக.

எட்டாவது மாதம் மறுபடி போனோம். இந்த முறை முந்தின நாளே கொண்டுபோய்விட்டோம், போட்டியில் கலந்துகொள்ளாமல் ஒரு தடவை சும்மா வேடிக்கை பார்க்க வைத்தோம். பாக்கெட் மணி ஒன்று வாங்கி, வீட்டில் தீனி போடும்போதெல்லாம் அடித்துக் காட்டியிருந்தார் சைஸ் அண்ணன். அது யார் சொல்லிக் கொடுத்த யோசனையும் இல்லை.

மணி அடித்தது. மாப்பிள்ளை காதைத் தூக்கினான், தீனி வாளியைத் தேடினான், நடந்து நுழைந்தான். 'எக்ஸ்'ஸில் நிற்கவில்லை, தாண்டி இரண்டடி போய் நின்றான். பத்துக்கு மூன்று. வட்டம் முட்டை வடிவம், நான்கு. 'அவசரம்' என்று நடுவர் குறிப்பு. பிறகு ஓர் இடம் வந்தது. கடிவாள வாரை முழுக்கத் தளர்த்திவிட்டு, களத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குதிரையை அதன் போக்கில் நடக்க விட வேண்டும். மகள் வாரை விட்டாள். அவன் கழுத்தைக் கீழே நீட்டினான். மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டான், பந்தலில் இருந்த எங்களுக்குக் கேட்டது. நீள நீளமாக அடி எடுத்து வைத்து, யாரையும் பார்க்காமல், மூலையிலிருந்து மூலைக்கு நடந்தான். அதற்கு ஏழு. அன்றைக்கு அந்த இடத்தில் வேறு எந்தக் குதிரைக்கும் ஆறுக்கு மேல் இல்லை.

"ரேஸ் முட்சிச்சுனு நெனச்சுக்கினான் சார்" என்றார் சைஸ் அண்ணன், மெதுவாக.

மகள் மறுபடி வாரைக் கையில் சேர்த்தாள். அவன் தலை நிமிர்ந்தது. அடுத்த டிராட்டுக்கு நான்கு.

ஏழு பேரில் ஆறாவது. வெளியே வந்து சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அடுத்த குதிரைக்கு மணி அடித்தது. மாப்பிள்ளையின் காது விடைத்தது. சைஸ் அண்ணன் பழக்க தோஷத்தில் கயிற்றை இறுக்கப் போனார், சட்டென்று நினைவு வந்து, தளர்த்தி விட்டார்.